நான்கு வாடகை வீடுகள்: நானே நிர்வகிக்கலாமா, நிறுவனத்திடம் விடலாமா?

கேள்வி:

எனக்கு நான்கு வாடகை வீடுகள் இருக்கின்றன. இரண்டு அப்பா விட்டுச்சென்றவை, இரண்டு நானும் கணவரும் கடன் வாங்கிக் கட்டியவை. எல்லாம் நான் குடியிருக்கும் பகுதியிலேயே உள்ளன. முழுநேர வேலைக்கும் போகிறேன். வாடகை வாங்குவது, பழுது பார்ப்பது, ஆள் தேடுவது எல்லாம் நானேதான். எட்டு வருடம் ஆகியும் ஒரு ஒழுங்குக்கு வரவில்லை. ராத்திரி பத்து மணிக்குக்கூடக் குழாய் ஒழுகுகிறது என்று போன் வருகிறது. ஒரு வீட்டில் மூன்று மாத வாடகை பாக்கி. நல்ல மனிதர்கள், பல வருடப் பழக்கம், கேட்க வாய் வரவில்லை. போன மாதம் காலி செய்த குடும்பத்தோடு, அட்வான்ஸில் பெயின்ட் செலவைப் பிடித்ததற்காகப் பெரிய சண்டை. மூன்று வருடம் இருந்தவர்கள், முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்கள். அந்த வீடு இப்போது காலியாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமா? அல்லது நானே முறையாகச் செய்ய முடியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்களால் முடியும், நன்றாகவே முடியும். இருபது வருடத்துக்கும் மேலாக அடுத்தவர்களின் வீடுகளைக் கட்டணத்துக்கு நிர்வகித்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வீடுகள் பக்கத்திலேயே இருந்து, வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தால், நான்கு வீட்டுக்கு வெளியாள் தேவைப்படுவதில்லை. வீடுகள் தொலைவில் இருந்து, பிளம்பர் செய்த வேலையைப் போய்ப் பார்க்கக்கூட வழியில்லை என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரவு போன், வாடகை பாக்கி, பெயின்ட் சண்டை என்று மூன்று தொல்லைகளைச் சொல்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். எதையும் நீங்கள் முன்கூட்டி முடிவு செய்து எழுதி வைக்கவில்லை. வாடகை எத்தனை நாள் தாமதமானால் கேட்பது, எந்தப் பழுதுக்கு எப்போது ஆள் அனுப்புவது, சுவரில் எது பழசானதால் வந்த அழுக்கு, எது சேதம், இதெல்லாம் அந்தந்த நேரத்தில், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து முடிவாகிறது. முகம் தெரிந்தவர் என்றால் விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள். பல மாதம் விட்டுக்கொடுத்த களைப்பு, வேறொருவரிடம் கறாராக வெளிப்படுகிறது. பாக்கி வைத்தவரிடம் காட்டாத கண்டிப்பு, பாக்கியே இல்லாமல் காலி செய்தவரின் அட்வான்ஸில் போய் விழுந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தவறாக நினைக்காதீர்கள். நானே தொழிலுக்கு வந்த புதிதில் இதைச் செய்திருக்கிறேன்.

ஆகவே உங்களை நீங்களே மேலாளராக வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் சொந்தக்காரர் ஒருவர், அவரிடம் வேலை பார்க்கும் மேலாளர் ஒருவர். ஆள் ஒன்றுதான், வேலை இரண்டு. சொந்தக்காரர் உட்கார்ந்து நிதானமாக விதிகளைப் போடுவார். மேலாளர் அந்த விதிகளை நான்கு வீட்டுக்கும் ஒரே மாதிரி நடத்துவார். விதியை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் வீட்டுக்கு வந்து யோசித்து மாற்றலாம், வாசலில் நின்றபடி மாற்றக் கூடாது.

மேலாளருக்குச் சம்பளமும் உண்டு. முழு நிர்வாகத்துக்கு நிறுவனங்கள் வாங்கும் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், வசூலாகும் வாடகையில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்பது பரவலாகக் காணும் அளவு. அந்தத் தொகையை மாதாமாதம் கணக்கில் உங்கள் சம்பளமாக எழுதுங்கள். வீடு உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது, உங்கள் உழைப்பு எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும். பின்னொரு நாள் உடம்புக்கு முடியாமல் போய் ஒரு நிறுவனத்திடம் விட நேர்ந்தாலும், அந்தக் கட்டணம் ஏற்கெனவே கணக்கில் இருக்கும், திடீர்ச் சுமையாக வராது.

சரி, இப்போது பாக்கிக்கு வருவோம். இதுதான் அவசரம்.

மூன்று மாதப் பாக்கியில் அந்தக் குடும்பமும் தூக்கமில்லாமல்தான் இருக்கும். நீங்கள் கேட்காமல் இருப்பதை அவர்கள் கருணையாக எடுத்துக்கொள்வார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 'என்றைக்குக் காலி செய்யச் சொல்வார்களோ' என்ற பயத்தில் உங்கள் முகத்தைத் தவிர்த்துக்கொண்டிருக்கலாம். பாக்கி விஷயத்தில் நான் பார்த்தவரை, முதல் மாதம் கேட்பது எளிது, இரண்டாவது மாதம் சங்கடம், மூன்றாவது மாதத்துக்குப் பிறகு இரு பக்கமும் பேச்சே நின்றுபோகும். அதனால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். போகும்போது எழுதிய ஒரு தாளைக் கொண்டு போங்கள். எந்தெந்த மாதம், எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு என்பது மட்டும் அதில் இருக்கட்டும். முதலில் தொகை சரியா என்று கேளுங்கள். அதில் இரண்டு பேரும் ஒத்துப்போன பிறகு, என்ன நடந்தது என்று கேளுங்கள். வேலை போயிற்றா, வைத்தியச் செலவா, அல்லது வேறு கடன்களை முதலில் கட்டுகிறார்களா? இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த அடி.

வருமானம் இருக்கிறது, தற்காலிகமாகத் தடுமாறினார்கள் என்றால் தவணை போடலாம். இதில் நல்ல மனதுக்காரர்கள் செய்யும் ஒரு பிழை உண்டு. 'ஆறு மாதத்தில் முடித்துவிடுங்கள்' என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதப் பாக்கியை ஆறாகப் பிரித்தால் மாதம் அரை வாடகை. நடப்பு வாடகையோடு சேர்த்து மாதம் ஒன்றரை வாடகை. ஒரு குடும்பம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை வாடகை என்பது வருமானத்தில் சரிபாதி. ஏற்கெனவே தடுமாறிய வீட்டால் அதைத் தாங்க முடியாது, இரண்டாவது தவணையிலேயே ஒப்பந்தம் உடையும். அதையே 12 மாதமாகப் போட்டால் மாதம் கால் வாடகைதான் கூடுதல். மெதுவாக வந்தாலும் வந்து சேரும். என் அனுபவத்தில், நீளமான சின்னத் தவணைகளே முடிவுவரை போயிருக்கின்றன.

பேசி முடித்ததை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நடப்பு வாடகை எந்தத் தேதியில், பாக்கித் தவணை எந்தத் தேதியில், ஒரு தவணை தவறினால் என்ன செய்வது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வருகிற ஒவ்வொரு தொகைக்கும் எந்த மாதத்துக்கானது என்று குறிப்பிட்டு ரசீது கொடுங்கள். 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று அவர்கள் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அட்வான்ஸ் என்பது வீட்டுக்கு ஏற்படும் சேதத்துக்கும் கடைசிப் பாக்கிக்குமான காப்பு. ஆள் உள்ளே குடியிருக்கும்போதே அது கரைந்துவிட்டால், பிறகு உங்கள் கையில் எதுவும் இல்லை.

வருமானமே நின்றுபோய்விட்டது, திரும்ப வரும் வழியும் தெரியவில்லை என்றால் தவணை போடுவது இரக்கம் ஆகாது. கடனைத்தான் பெரிதாக்கும். அப்போது சிறிய வீட்டுக்கு மாறிக்கொள்ள ஒரு நியாயமான கால அவகாசம் கொடுங்கள், பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மனமிருந்தால் அதையும் அப்போதே எழுத்தில் கொடுங்கள். பழகியவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது. அதற்கும் ஒத்துவராவிட்டால் உங்கள் பகுதிச் சட்டம் சொல்லும் வழியில், உரிய நோட்டீஸ் கொடுத்துத்தான் போக வேண்டும். கோபத்தில் தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் அது சட்டவிரோதம். நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்குகூட அந்த ஒரு செயலால் தலைகீழாகிவிடும். அதோடு, உள்ளே குழந்தைகள் இருப்பார்கள்.

இனிமேல் பாக்கி மூன்று மாதம்வரை வளராமல் இருக்க விதி ஒன்று போடுங்கள். நான் நடத்தும் வீடுகளில், வாடகைத் தேதி தாண்டி மூன்றாம் நாள் ஒரு சிறு செய்தி போகும். ஏழாம் நாள் நேரில் பேச்சு. பதினைந்தாம் நாள் எழுத்தில் கடிதம். எல்லா வீட்டுக்கும் இதே முறை, பத்து வருடம் இருப்பவருக்கும் இதேதான். முதல் செய்தியில் கோபமோ கெஞ்சலோ இருக்காது: 'வணக்கம். இந்த மாத வாடகை இன்னும் வந்து சேரவில்லை. அனுப்பியிருந்தால் விவரம் தெரிவியுங்கள். ஏதாவது சிரமம் இருந்தால் இந்த வாரத்துக்குள் பேசலாம்.' இவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே வாசகம் போவதால் யாரும் தன்னை மட்டும் துரத்துவதாக நினைப்பதில்லை, கேட்க உங்களுக்கும் வாய் கூசாது.

அப்புறம் பெயின்ட் சண்டை. இதை எழுதவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்று வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்த குடும்பம் கசப்போடு போயிருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை: அவர்கள் குடிவந்த நாளில் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் பதிவு இருக்கிறதா? இல்லை என்றே நினைக்கிறேன். அது இல்லாமல் அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்தால், அது உங்கள் ஞாபகத்துக்கும் அவர்கள் ஞாபகத்துக்கும் நடக்கும் சண்டை. ஞாபகம் அவரவர் பக்கம்தான் சாயும், பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை.

வீடு இருக்க இருக்கத் தானாகப் பழசாகும். வெயிலில் வண்ணம் மங்கும், நடக்கும் இடத்தில் தரை தேயும், கதவுப் பிடியில் கை பட்டுப் பளபளப்புப் போகும். அதற்குத்தான் மாதாமாதம் வாடகை வாங்குகிறோம். அதை அட்வான்ஸில் மறுபடி வாங்கக் கூடாது. சுவரில் ஓட்டை, உடைந்த கண்ணாடி, கிறுக்கல் நிறைந்த சுவர் போன்றவை சேதம். சேதத்துக்கும் முழுச் செலவையும் பிடிப்பது நியாயமில்லை, மீதமிருந்த ஆயுளுக்கு மட்டும்தான் கேட்க வேண்டும். உதாரணமாக, ஒரு பெயின்ட் பூச்சுக்கு ஐந்து வருட ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 60 மாதம். குடிவரும்போது புதிதாக அடித்த சுவர், 36 மாதம் கழித்துச் சேதமாக இருக்கிறது. மீதி ஆயுள் 24 மாதம். அந்தச் சுவருக்கு மறுபடி அடிக்கும் செலவில் 40 விழுக்காடுதான் அவர்கள் பொறுப்பு, மற்றது உங்களுடையது. ஐந்து வருடம் தாண்டி இருந்திருந்தால் அவர்கள் பொறுப்பு சுழியம். ஒரு சுவர்தான் கெட்டது என்றால் ஒரு சுவருக்குத்தான் கணக்கு, வீடு முழுவதற்கும் கிடையாது.

நீங்கள் பிடித்த தொகையை இந்த முறையில் மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிகமாகப் பிடித்திருந்தால் வித்தியாசத்தை ஒரு சின்னக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். 'மறுபடி கணக்குப் பார்த்தேன், இவ்வளவு கூடுதலாகப் பிடித்துவிட்டேன்' என்று எழுதினால் போதும். எனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டிய நிலை ஒருமுறை வந்தது. சமையலறை மேடையில் இருந்த விரிசலுக்குப் பணம் பிடித்தேன். ஆறு மாதம் கழித்துப் பழைய படங்களைத் துழாவியபோது, அவர்கள் வருவதற்கு முன்பே அந்த விரிசல் இருந்தது தெரிந்தது. தொகையைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெரியவர் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. 'இதை நீங்கள் ஒத்துக்கொண்டதே போதும்' என்றார். அன்றிலிருந்து படம் எடுக்காமல் ஒரு வீட்டின் சாவியைக்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

இரவு போன்களுக்கு வருவோம். பழுது என்று வருவதை எல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் பத்து மணிக்குக் குழாய் ஒழுகும் செய்தி உங்களுக்கு வருகிறது. எது அவசரம் என்று குடியிருப்பவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே. மூன்று வகையாகப் பிரித்து, ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். கேஸ் வாசனை, சுவிட்சிலோ வயரிலோ தீப்பொறி அல்லது கருகும் வாசனை, நிற்காமல் கொட்டும் தண்ணீர், பூட்ட முடியாத வெளிக்கதவு ஆகியவற்றுக்கு நடுராத்திரியிலும் போன் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஒரே கழிவறை அடைத்துக்கொள்வது, தண்ணீர் ஏறாமல் போவது, ஃபிரிட்ஜ் இருக்கும் இணைப்பில் மின்சாரம் இல்லாமல் போவது போன்றவற்றைக் காலையில் சொன்னால் அன்றைக்கோ மறுநாளோ ஆள் வரும். சொட்டும் குழாய், இறுகிய ஜன்னல், தளர்ந்த கீல் எல்லாம் எழுத்தில் செய்தியாக வந்தால் பத்து நாளுக்குள் சரிசெய்யப்படும். நாளைச் சொல்லிவிட்டால் அதைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். ஒருமுறை தவறினால் மறுபடி எல்லாமே ராத்திரி போனாக மாறிவிடும், ஏனென்றால் நச்சரித்தால்தான் வேலை நடக்கும் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

அந்தத் தாளிலேயே இன்னும் இரண்டு விஷயங்கள் சேருங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக மூடும் வால்வு எங்கே, மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்பது முதலாவது. குடிவரும் நாளில் கூட்டிப்போய்க் காட்டி, அவர்கள் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள். குழாய் வெடித்த இரவில் பிளம்பர் வருவதற்குள் வீடு நனைவதா காய்ந்திருப்பதா என்பது அந்த வால்வைப் பொறுத்தது. நனைந்த மரமும் சுவர்ப்பலகையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், அதன் செலவு குழாயின் செலவைவிடப் பல மடங்கு. இரண்டாவது, கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது. முடிந்தால் கேஸ் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் செலவைப் பார்க்காதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மின்சாரப் பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள், ஆள் உயிரைக் காப்பதற்கு 30 மில்லியாம்பியர் அளவுள்ளது வேண்டும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே விழ வேண்டும், விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை. கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். சரியாக எரியாத கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிக்கப் போனவர் தலைசுற்றி விழுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். புகை எச்சரிக்கைக் கருவி பொருத்தியிருந்தால் மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து வருடம் ஆனதை மாற்றிவிடுங்கள். பாட்டரி புதிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் உணர்வி பழசாகியிருக்கும்.

பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரிலும் இரண்டிரண்டு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் வராவிட்டால் மற்றவர். கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கொடுக்கவேண்டியதை இழுத்தடிக்காத வீட்டுக்காரருக்கு மழை நாளிலும் ஆள் வருவார்கள். செய்த வேலைக்கு முன்னும் பின்னும் படம் அனுப்பச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும் உங்களுக்கு அது பாதிப் பயணத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டைப் போய்ப் பார்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குடிவந்து மூன்றாம் மாதம் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லி, அவர்களுக்கு வசதியான நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். பல நாடுகளில் முன்னறிவிப்பு சட்டப்படியே கட்டாயம். சட்டம் இல்லாத இடத்திலும் அது அவர்கள் குடியிருக்கும் வீடு, சாவி உங்களிடம் இருக்கிறது என்பதற்காகத் திறந்துகொண்டு போக முடியாது. உள்ளே போனால் அலமாரி, கட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். சிங்க்குக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள், குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையைப் பாருங்கள், ஜன்னல் மூலைகளில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கழிவறைத் தொட்டியில் சில துளி வண்ணம் விட்டு, கால் மணி நேரம் தண்ணீர் விடாமல் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் வண்ணம் தெரிந்தால் சத்தமில்லாமல் கசிகிறது என்று அர்த்தம். விநாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய்கூட நாளுக்கு ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீரை வீணாக்கும். கிளம்பும் முன், 'வேறு ஏதாவது சரிசெய்ய வேண்டுமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்லத் தயங்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வரும்.

கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக்குத் தனி வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு பக்கம், வரவு, செலவு, ரசீது. அட்வான்ஸ் தொகை உங்கள் பணம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். அதைத் தொடாமல் தனியாக வையுங்கள். வாடகையில் பத்தில் ஒரு பங்கையாவது பழுதுக்கு ஒதுக்குவது என் பழக்கம். அப்பா காலத்து வீடுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட வைப்பேன், பழைய குழாயும் வயரிங்கும் சொல்லிக்கொண்டு கெடுவதில்லை.

வாடகையை உயர்த்துவது பற்றி ஒரு கணக்கு மட்டும். நல்ல குடியிருப்பாளரிடம் 5 விழுக்காடு கூட்டிக் கேட்டு, அவர் அதனால் காலி செய்து, வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தால், இழந்த அந்த ஒரு மாத வாடகையை அந்த 5 விழுக்காட்டால் மீட்க 20 மாதம் ஆகும். பெயின்ட், சுத்தம் செய்யும் செலவு தனி. உயர்த்த வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடி, முன்கூட்டிச் சொல்லி, சின்ன அளவில் ஒழுங்காக உயர்த்துங்கள். பல வருடம் உயர்த்தாமல் இருந்துவிட்டு ஒரேயடியாகக் கேட்பதுதான் ஆட்களை விரட்டுகிறது.

கடைசியாக, காலியாக இருக்கும் வீடு. ஒரு மாதம் காலியாக இருந்தால் அந்த வருட வருமானத்தில் 8 விழுக்காட்டுக்கும் மேல் போய்விடும். அந்தப் பதற்றத்தில் முதலில் வருபவருக்குச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். வீடு பார்க்க ஆட்கள் வருவதற்கு முன்பே, யாரை ஏற்பது என்பதற்கான அளவுகோலை எழுதி வையுங்கள்: வருமானத்தில் வாடகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும், அடையாளச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரோடு பேச வேண்டும். எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. தகுதியுள்ளவர்களில் முதலில் கேட்டவருக்கு வீடு. பிறப்பு, நம்பிக்கை, தனியாக வாழும் பெண்ணா, குழந்தை இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து ஆளைக் கழிக்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அதையும் தாண்டி, வீடு தேடி அலைபவரிடம் அப்படி ஒரு காரணத்தைச் சொல்லி அனுப்புவது அவமானப்படுத்துவதுதான். வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

விசாரிக்கும்போது இப்போதைய வீட்டுக்காரரின் வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். தொல்லை தருபவரை அனுப்பிவிடும் ஆசையில் அவர் புகழ்ந்து சொல்லலாம். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அந்த ஆசை இல்லை, அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'மறுபடி வந்தால் வீடு கொடுப்பீர்களா?' பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். வாங்கும் சான்றுகளின் நகல்களைப் பூட்டி வையுங்கள், வீடு கிடைக்காதவர்களுடையதை அழித்துவிடுங்கள்.

ஆள் முடிவானதும், சாமான் ஏறுவதற்கு முந்தைய நாள், வெறும் வீட்டில் அவரோடு சேர்ந்து ஒரு மணி நேரம் செலவிடுங்கள். அறை அறையாக, நான்கு சுவர், தரை, கூரை, கதவு, ஜன்னல், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறலையும் கறையையும் கிட்டத்தில் எடுத்து, அவர் கண்ணால் பார்த்ததாக எழுதுங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு விளக்கையும் போட்டுப் பாருங்கள். மின்சார மீட்டரிலும் தண்ணீர் மீட்டரிலும் உள்ள எண்ணைக் குறியுங்கள். இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து, படங்கள் இருவர் போனிலும். குடிவந்து ஒரு வாரத்துக்குள் கண்ணில் படுவதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதுங்கள், சில குறைகள் குடியிருந்தால்தான் தெரியும். காலி செய்யும் நாளிலும் இதே தாளை எடுத்துக்கொண்டு, அவரோடு சேர்ந்தே, அதே வரிசையில் நடக்க வேண்டும்.

கொடுக்கும் சாவிகளின் எண்ணிக்கையும் அந்தத் தாளில் இருக்கட்டும். போன குடும்பத்திடம் நகல் சாவி இருக்க வாய்ப்புண்டு என்பதால், புதியவர் வருவதற்கு முன் வெளிக்கதவுப் பூட்டின் உள்பாகத்தை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். மாற்றியதை அவரிடமும் சொல்லுங்கள்.